சொன்னதை எழுது

வாழ்வில் மறவாத ஒருவரைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதித் தருமாறு மலர்க்குழு அன்பர்கள் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு முகம் உடனே என் முன் வந்து நின்றது. 'நின்றது' என்று எழுதிவிட்டுச் சற்றே தயங்குகிறேன். அந்தப் பெருமகனார் நின்று நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவரோடு பழகிய இருபது ஆண்டுகளும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே இருந்தார். எதிரில் நின்றுகொண்டு பேசுவோரைப் பார்த்து, "உட்கார், தம்பி. நிமிர்ந்து பார்த்துப் பார்த்து என் கழுத்து வலிக்கிறது" என்பார்.

அவரை நாங்கள் 'ஐயா' என்றே அழைத்தோம். இக்கட்டுரையிலும் அவர் ஐயாதான். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. அதை என்னிடம் ஒருமுறைக்கு இருமுறை சொல்லியும் இருக்கிறார். ஒருவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதே அவர் எனக்குக் கற்பித்த முதற்பாடம். ஆதலின் பெயரை விடுத்து ஏனையவற்றை எழுதுகிறேன்.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு ஆஸ்டின் டவுனைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நீலசந்திராவையும் விவேக் நகரையும் அடுத்துள்ள அப்பகுதிக்கு, கன்னட அகராதி கண்ட ஜெர்மானியப் பாதிரியார் கிட்டலின் பெயரை இட்டிருக்கிறார்கள். 1894-இல் வெளிவந்த அவருடைய அகராதியைக் கன்னட மக்கள் இன்றும் போற்றுகிறார்கள். ஆயினும் ஆட்டோ ஓட்டுநரிடம் 'கிட்டல் நகர்' என்று சொன்னால் அவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். 'ஆஸ்டின் டவுன்' என்றால்தான் வண்டி கிளம்பும். வரிசை வரிசையாய்ச் சிறு வீடுகள். மாலையானால் புழுதி பறக்கும் காற்பந்துத் திடல். ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும். என் தந்தையார் பிழைப்புத் தேடி வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியது அங்கேதான். நான் பிறந்ததும் அங்கேதான்.

எங்கள் தெருவின் கோடியில், ஒரு புங்க மரத்தடியில், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று நிற்கும். அதற்கு எதிர்வீடு ஐயாவுடையது. உண்மையில் அவருடைய தமக்கையார் வீடு. வாசலில் படிக்குப் பதிலாக ஒரு நீண்ட பலகை சாய்வாகப் போடப்பட்டிருக்கும். உள்ளே இரண்டு தட்டச்சுப் பொறிகள், ஒன்று தமிழ், மற்றொன்று ஆங்கிலம். மனுக்களும் சான்றிதழ்ப் படிகளும் தட்டச்சு செய்து கொடுத்துத் தம் உணவுக்கு வேண்டியதை அவரே ஈட்டினார். 1998-இல், பி.ஏ. வகுப்பில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான், தட்டச்சுக் கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு அப்பலகையில் கால் வைத்தேன். "அது உனக்காகப் போட்டதில்லை, ஆனாலும் வா" என்று வரவேற்றார்.

ஐயாவின் ஊர் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பத்தொன்பதாம் வயதில், 1971-இல், தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. அந்நாளில் இத்தகைய முறிவுக்கு ஆளானவர்களில் பலர் சில திங்களில் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டுபோவர். அவருடைய நற்காலம், வேலூர் அருகில் இருந்தது. அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையத்தில் அவரைச் சேர்த்தார்கள்.

அந்நிலையத்தின் தலைவி டாக்டர் மேரி வர்கீஸ். அவரைப் பற்றி ஐயா பேசத் தொடங்கினால் அன்று தட்டச்சுப் பாடம் நடவாது. கொச்சியில் 1925-இல் பிறந்தவர். வேலூரிலேயே மருத்துவம் பயின்றவர். 1954-இல் ஒரு சாலை விபத்தில் முகத்தில் கடுங்காயமும் முதுகெலும்பு முறிவும் ஏற்பட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையால் நிமிர்த்தும் முறையை அதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. கை அறுவையை மருத்துவர் அமர்ந்தவாறே செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் எழுந்ததுதான் ஐயா சேர்ந்த அந்த நிலையம். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, 1986-இல் மறைந்தார்.

"என் படுக்கையருகே ஒரு டாக்டர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார், தம்பி. அதுவரையில் நான் எழுந்து நடப்பேனா மாட்டேனா என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. அவரைப் பார்த்த பிறகு வேறு கேள்விகள் வந்தன" என்று ஐயா சொல்வார். வேலூரில் அவர் கற்றவை மிக எளியவை, உயிர் காப்பவை. கால் மணி நேரத்துக்கொரு முறை இரு கைகளையும் நாற்காலியின் பக்கங்களில் ஊன்றி உடலைத் தூக்கி இறக்குதல். இரவில் கண்ணாடி வைத்து முதுகையும் தொடையையும் சோதித்தல். உணர்வற்ற தோலுக்குச் சூடும் தெரியாது, சிராய்ப்பும் தெரியாது. கண்தான் அதற்குக் காவல். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்தாமல் அவர் உடலை உயர்த்தி இறக்குவார். முதலில் அதை ஏதோ பழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வீட்டில் இடம் இராது. சாரத்திலிருந்து விழுந்து அண்மையில் முதுகு முறிந்தவரை அவர் மனைவி அழைத்து வந்திருப்பார். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் காத்திருப்பாள். பார்வையற்ற மாணவர்கள் இருவர் மூவர் சுவரோரமாய் அமர்ந்திருப்பர். ஐயா யாருக்கும் பணம் கொடுத்ததில்லை. அது அவரிடம் இருந்ததுமில்லை. எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வார். என். எஸ். ஹேமா அம்மையார் 1959-இல் இந்நகரில் தொடங்கிய உடற்குறையுடையோர் சங்கத்துக்குச் சிலரை அனுப்புவார். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட அவ்வம்மையாரே அதைத் தொடங்கினார் என்பதைச் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

ஆனால் ஒன்று: யாருடைய விண்ணப்பத்தையும் அவர் எழுதிக் கொடுக்கமாட்டார். தட்டச்சு செய்து தருவார். வாசகம் அவரவருடையதாக இருக்க வேண்டும். "தங்கள் பொற்பாதங்களில் விழுந்து" என்றோ "கருணை கூர்ந்து" என்றோ எழுதி வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "மைய அரசு வேலைகளில் மூன்று விழுக்காடு என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, கை கால் குறைக்கு ஒன்று. சட்டம் கொடுத்ததைக் கருணை என்று ஏன் கேட்கிறாய்? பிரிவு எண்ணை எழுது" என்பார். பின்னாளில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, மூன்று நான்காகவும், ஏழு வகைக் குறைகள் இருபத்தொன்றாகவும் ஆனபோது, அதன் பிரிவு எண்களையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

பார்வையற்ற மாணவர்களுக்காக அவர் பிரெயில் எழுத்தைக் கற்றிருந்தார். கண்ணுள்ளவருக்கு அது எதற்கு என்று நான் கேட்டேன். "அந்தப் பிள்ளைகளுக்குக் கடிதம் போட்டால் யாரோ படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்கும் இன்பம் அவனுக்கு மட்டும் வேண்டாமா?" என்றார். சட்டத்தில் தடித்த தாளைப் பொருத்தி, ஊசிமுனையால் வலமிருந்து இடமாகக் குத்துவார். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து, இடமிருந்து வலமாகப் படிக்கும்படி அமையும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் ஏற்பட்டது. ஆறு புள்ளிகளுக்குள் நம் தமிழ் முழுதும் அடங்கிவிடுகிறது. அத்தாள்களுக்கு அஞ்சல் கட்டணம் இல்லை என்பதையும் அவரிடமே அறிந்தேன்.

1999-இல் ஒருநாள் என்னை அழைத்து, "தம்பி, உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஒருவருக்குத் தேர்வு எழுத வேண்டும்" என்றார். பார்வையற்ற ஒரு நண்பர் வரலாற்றில் எம்.ஏ. தேர்வு எழுதவிருந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும். எழுதுபவர் அவரைவிடக் குறைந்த படிப்புடையவராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகுதி எனக்கு இருந்தது. புறப்படும்போது ஐயா சொன்னது ஒன்றே: "அவர் சொன்னதை எழுது. நீ நினைத்ததை எழுதாதே."

தேர்வு நாளன்று நண்பர் தெளிவாகவும் விரைவாகவும் சொல்லிக்கொண்டு போனார். மூன்றாம் பானிப்பட்டுப் போரைப் பற்றிய விடையில் ஆண்டை 1764 என்றார். அது பக்சார் போர் நடந்த ஆண்டு, பானிப்பட்டு 1761. நானும் வரலாறு படித்தவன். ஒரு கணமும் தயங்காமல் 1761 என்று எழுதினேன். நல்லதொரு செயலைச் செய்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு அன்று மாலை ஐயாவிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறிற்று. கடிந்து பேசவில்லை. "தவறாகச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு, எனக்கு உண்டு. அவருக்கு மட்டும் கிடையாதா?" என்று கேட்டார். பிறகு, "போய் அவரிடமே சொல்" என்றார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. இரண்டு நாள் அப்படியே நாளைக் கடத்தவும் செய்தேன். மூன்றாம் நாள் நண்பரின் அறைக்குச் சென்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னது இது: "ஒரு மதிப்பெண்ணோ இரண்டோதான் இருக்கும். ஆனால் இதற்குமுன் எனக்கு எழுதியவர்கள் எங்கெங்கே திருத்தினார்களோ! நான் பெற்ற மதிப்பெண்ணில் என்னுடையது எவ்வளவு என்று இனி எப்படி அறிவேன்?" எனக்கு விடை தெரியவில்லை. எழுந்து வாயிலை அடைந்தபோது, அவர் பின்னாலிருந்து கேட்டார்: "அடுத்த தாளுக்கும் நீங்கள் வருவீர்கள் அல்லவா? வந்து சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்."

அடுத்த தாளில் அவர் சொன்னதை மட்டும் எழுதினேன். பிழைகளையும் எழுதினேன். அது எவ்வளவு கடினம் என்பதை எழுதியவர்களே அறிவர். அவர் தேர்ச்சி பெற்றார்.

பார்வையற்றோர் குடிமைப் பணித் தேர்வை எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் வழிதிறந்தது 1993-இல்தான். பிரெயிலிலோ, சொல்வதை எழுதுபவர் துணையோடோ எழுதலாம் என்றது அத்தீர்ப்பு. அவ்வழியில் பின்னர் எத்தனையோ பேர் நடந்தார்கள். சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன், 2015-இல் நம் நாட்டு அயலுறவுப் பணியில் முழுமையாகப் பார்வையற்ற முதல் அதிகாரியாகச் சேர்ந்தபோது, ஐயா அந்தச் செய்தித்தாளை நறுக்கிச் சுவரில் ஒட்டினார். ஞாயிறு தோறும் வரும் மாணவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவது என் வேலையாயிற்று.

ஐயா கற்பித்த தட்டச்சு எனக்குச் சோறிட்டது. 2003-இல் மைய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். ஆணையைக் காட்டியபோது அவர் சிரித்தார். "நல்ல தமிழ்ச்சொல், தம்பி. தேர்வில் எழுதிக் கொடுப்பவனும் எழுத்தன்தான், அலுவலகத்தில் இருப்பவனும் எழுத்தன்தான். அங்கேயும் அதே விதிதான்" என்றார்.

அந்த விதியை நான் மீறிய கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தால், இது வெறும் புகழுரையாகிவிடும். ஐயாவுக்கு அது பிடிக்காது.

எங்கள் பகுதியில் வாசகர் வட்டம் ஒன்று நடத்தி வந்தோம். 2017-இல் நான் அதன் செயலாளர். ஆண்டு விழாவை ஒரு வாடகைக் கூடத்தில் ஏற்பாடு செய்தோம். கூடம் முதல் மாடியில் இருந்தது. சிறப்புரையின் தலைப்பு, திருக்குறளில் ஆள்வினையுடைமை. உறுப்புக் குறை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்னும் கருத்தை வள்ளுவர் வைத்திருக்கும் அதிகாரம் அது.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஐயா என்னை அழைத்தார். "படிகளை எண்ணி வரச் சொன்னேன். இருபத்திரண்டாம். படிக்கு அரை அடி என்றால் பதினோரடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. நூற்று முப்பத்திரண்டு அடி ஆகிறது. நம் தெருவே போதாது. ஆகவே கூட்டத்தைக் கீழே எங்காவது நடத்த முடியுமா?" என்று கேட்டார்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, முன்பணமும் கொடுத்தாயிற்று. நான் சொன்னேன்: "நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள், ஐயா? நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொள்வார்கள். அரசரைப் போல மேலே வரலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் கேட்டது அதுவன்று, தம்பி" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் நாணத்தால் மறுக்கிறார் என்று நானாக எண்ணிக்கொண்டேன். அன்று அவர் வரும்போது வற்புறுத்தினால் இசைவார் என்றும் எண்ணிக்கொண்டேன். எண்ணியதெல்லாம் நான், அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

விழா சிறப்பாக நடந்தது. ஐயாவைக் காணோம். உடல்நலம் இல்லை போலும் என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது: ஐயா வந்திருந்தார். தம் மூன்று சக்கர வண்டியைத் தாமே சுற்றிக்கொண்டு வந்து, மாடிப்படியின் அடியில் நிறுத்தி, ஒலிபெருக்கி வழியே அந்தச் சொற்பொழிவைப் பாதிவரை கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மேலே நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். 2001 சனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது, ஜந்தர் மந்தரிலும் குதுப் மினாரிலும் அவருடைய நாற்காலிக்காக மரத்தால் தற்காலிகச் சாய்தளம் அமைத்தார்கள். அதற்காகக் குரல் கொடுத்தவர், தாமும் சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் ஆபிதி. அதே 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உடற்குறையுடையோரைப் பற்றிய கேள்வி இடம்பெறவும் போராடியவர் அவர்; 2018-இல் காலமானார். "பல நூற்றாண்டு காணாத பலகையை ஒரு விருந்தினருக்காகப் போட்டார்கள், தம்பி. 2011 கணக்கின்படி நம்மவர் இரண்டு கோடியே அறுபத்தெட்டு லட்சம் பேர். அத்தனை பேருக்கும் மாற்றுத் திறனாளி என்று நல்ல பெயரும் வைத்துவிட்டார்கள். படிக்கட்டுதான் பழைய பெயரோடு அப்படியே இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

2018-இன் இறுதியில் அவருடைய சிறுநீரகங்கள் தளர்ந்தன. கைகள் நடுங்கின, தட்டச்சுப் பொறிகள் உறையிட்டுக் கிடந்தன. ஒரு மாலை, "தாள் எடு. நான் சொல்கிறேன், நீ எழுது" என்றார். இருபது ஆண்டுகளில் அவர் என்னிடம் தமக்காக எழுதச் சொன்னது அதுவே முதல் முறை.

கடிதம் எங்கள் வாசகர் வட்டத்துக்கு. நான்கே வாக்கியங்கள். கூட்டங்களைத் தரைத்தளத்தில் நடத்த வேண்டும். படி இருந்தால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் சாய்தளம் போட வேண்டும். இது தமக்காகக் கேட்பதன்று, தாம் இனி வரப்போவதில்லை. வரக்கூடியவர் யார் என்பது படியில்லாத இடத்தில்தான் தெரியவரும்.

எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் வாக்கியத்திலேயே கையை உயர்த்தினார். "'தயைகூர்ந்து' என்று படித்தாயே, அது நான் சொன்னதா?"

பதினைந்து ஆண்டு அலுவலகப் பழக்கம். என் கை தானாகவே அதைச் சேர்த்திருந்தது. "இல்லை, ஐயா."

"அடித்துவிடு."

அடித்தேன். கையொப்பம் இட்டார்.

2019 சனவரியில் அவர் மறைந்தார். காரியங்கள் முடிந்த பின், அவருடைய தமக்கையார் மகள் என்னிடம் ஒன்று சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணம் ஒன்றில் அவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிச் சென்றார்களாம். கைப்பிடிக் கம்பியில் தொடை உரசியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை, தூக்கியவர்களுக்கும் தெரியவில்லை. இரவில் கண்ணாடியில் பார்த்தபோதுதான் காயம் தெரிந்தது. அது புண்ணாகி ஆற நான்கு திங்கள் ஆயின. அந்த நான்கு திங்களும் அவர் குப்புறப் படுத்தே கிடந்தாராம். "அதற்குப் பிறகு யாரையும் தூக்கவிடமாட்டார் மாமா. உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார்.

தெரியாது. ஏன் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் ஐயாவே சொல்லியிருப்பார். அவர் கேட்டது கீழே ஓர் இடம். நான் கொடுக்க முன்வந்தது நான்கு இளைஞர்களின் தோள். 1764 என்று சொன்னவருக்கு 1761 என்று எழுதிய அதே கை, அதே பெருமிதத்தோடு, மீண்டும் திருத்தி எழுதிவிட்டது. தேர்வுத் தாளிலாவது என் திருத்தம் சரியான ஆண்டு. இங்கே அதுவும் இல்லை.

அவர் மறைந்த பிறகும் சில வாரங்கள் செய்தி அறியாத நண்பர்களிடமிருந்து பிரெயில் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவ்வீட்டில் அவற்றைப் படிக்க ஒருவரும் இல்லை. அன்று வரலாற்றுத் தேர்வு எழுதிய நண்பரை அழைத்தேன். இன்று அவர் ஒரு கல்லூரியில் ஆசிரியர். அவர் விரல்களால் படித்துச் சொல்ல, எவருக்கெல்லாம் மறுமொழி எழுத வேண்டும் என்று நான் குறித்துக்கொண்டேன். மறுமொழிகளை அவரே பிரெயிலில் குத்தினார். அந்த வேலையில் என்னால் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஐயாவின் கடிதத்தை வட்டத்தின் கூட்டத்தில் நானே படித்தேன். எதிர்ப்பு எதுவும் எழவில்லை. கேட்டவுடன் செய்யக்கூடியதாகவே அது இருந்தது. அந்த எளிமைதான் என்னை மிகவும் வருத்தியது. இப்போது கூட்டங்கள் ஒரு தரைத்தள அறையில் நடைபெறுகின்றன. மூன்று படிகள், ஒன்றரை அடி உயரம், பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். முற்றம் அவ்வளவு நீளம் இல்லை. தச்சர் ஒருவர் நடுவே ஒரு மேடை வைத்து இரண்டாக மடித்துக் கொடுத்தார். முதல் கூட்டத்தில் அதன்மேல் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் வலியால் மூன்றாண்டுகளாக வராதிருந்த ஓர் அம்மையார். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொணர்ந்த ஓர் இளம் தாய். காப்பிப் பாத்திரத்தைச் சக்கரப் பலகையில் ஏற்றி வந்த சமையற்காரர். சக்கர நாற்காலியில் ஒருவரும் வரவில்லை. ஆறு திங்கள் கழித்து, நீலசந்திராவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அத்தெருவிலேயே அவர் வீட்டுக்குள் ஒன்பது ஆண்டு இருந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது.

பிறந்த மண்ணை விட்டு வந்து, வந்த இடத்தில் மன்றமும் மலரும் கண்டு வாழ்கிறவர்கள் நாம். அயலூரில் நம்மைக் கேளாமலே நமக்காக முடிவு செய்வோரிடம் நமக்கு எத்தனை மனக்குறை! அதே குறை நம் மன்றத்து மாடிப்படியின் அடியில் ஒருவருக்கு இருந்ததை நான் காணவில்லை. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது படிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணியபின், வராதவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவரிடம் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐயாவின் கடிதம் இன்றும் வட்டத்தின் கோப்பில் இருக்கிறது. என் கையெழுத்து, அவர் கையொப்பம். முதல் வரியில் ஒரு சொல் அடிக்கப்பட்டிருக்கிறது.